பத்தாவது புள்ளி

தட்டுக் கழுவுவதில் எங்கள் இடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் போட்ட எண்களையும் நான் போட்ட எண்களையும் ஒரே கோப்பில் வைத்து விசாரிக்கிறீர்கள். அது நியாயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுத் தட்டு அல்ல. உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு குழிகள், ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அகலம். ஒரு பரிசோதனைக்கு ஐந்து முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் கவிழ்த்து, காகித விரிப்பின் மேல் ஓங்கி ஒரு தட்டு. ஒரு குழியில் ஒரு சொட்டு தங்கினாலும் எண் மாறிவிடும்.

"நாலு வருஷம் காலேஜுல படிச்சுட்டு வந்து தட்டு கழுவுறா பாரு. வீட்லயும் தட்டு, இங்கயும் தட்டு. உங்கம்மா கேட்டா என்னடி சொல்லுவாங்க?" என்பாள் ஊசி அக்கா.

"கீழதான இருக்காங்க. போய்க் கேளுங்க."

என் அம்மா அதே ஆஸ்பத்திரியில், தரைத்தளத்துச் சலவைக் கூடத்தில் இருக்கிறாள். படுக்கை விரிப்புகளை அவள் துவைத்தாள், நான் குழிகளைத் துவைத்தேன். இதையும் அக்காதான் சொல்லிச் சிரிப்பாள்.

ஊசி அக்கா எங்கள் ஆய்வகத்தின் வெளியறையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பவள். குத்துவது தெரியாது, அப்படி ஒரு கை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் ஊசி அவள் விரலிலேயே ஏறி, ஈரலைத் தின்னும் கிருமி ஒன்று அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கும் சோதனை உண்டு. எதற்கும் பொறுமை கிடையாது. உணவகத்தில் வரிசை நின்றால் முன்னால் போய், "அவசரம்ப்பா, ஊசி காயுது" என்று ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். எனக்கும் சேர்த்துத்தான்.

ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. எதைக் கொடுத்தாலும் பார்க்காமல் குத்துவார். ஒருமுறை அக்கா என்னிடம் பந்தயம் கட்டி, தன் வீட்டு மளிகைச் சீட்டை ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டாள். சோப்பு இரண்டு, தீப்பெட்டி ஒரு கட்டு, வெங்காயம் அரைக் கிலோ. அதற்கும் முத்திரை விழுந்தது. "சரிபார்க்கப்பட்டது" என்று. அந்தச் சீட்டை அக்கா தன் அலமாரிக் கதவுக்குள் ஒட்டி வைத்திருந்தாள். இப்போதும் இருக்கும். போனால் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஈரலில் கட்டி வளர ஆரம்பித்தால் அது ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கசியவிடும். அதை அளப்பதுதான் என் வேலை. பத்துக்குள் இருந்தால் நார்மல். அதற்கு மேல் போனால்தான் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே எப்போதும் கூட்டம், அதனால் எண் உயராதவர்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஆக, எங்கள் எண்தான் கதவு.

போன வருடத் தொடக்கத்தில் சோதனைக்கான மருந்துப் பெட்டியை, அதாவது கிட்டை, மாற்றினார்கள். பழைய கிட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை ஊற்றி, கழுவி, பிறகு நிறம் தரும் மருந்தை ஊற்றுவோம். புதியதில் இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிடலாம். ஒன்றரை மணி நேரம் மிச்சம். முத்திரைக்குப் பரம சந்தோஷம்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு பீரோவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் குழியின் அடியில் நிற்கிறான், இன்னொருவன் நிறத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இருவரும் ஒரே பீரோவைப் பிடித்தால்தான் கழுவும்போது அது போகாமல் நிற்கும், நிறம் வரும். பீரோக்கள் அளவுக்கு மீறி வந்து குவிந்தால் ஆளுக்கொரு பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதையும் இருவர் பிடித்திருக்க மாட்டார்கள். கழுவினால் எல்லாம் போய்விடும். அதாவது புரதம் மிக அதிகமாக இருக்கிற ரத்தம், ஒன்றுமே இல்லாத ரத்தம் மாதிரி வெளிறிப்போய்த் தெரியும். சாகப்போகிறவனுக்கு நார்மல் என்று வரும்.

இதற்கு மருந்து சுலபம். ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துவிட்டுப் போட வேண்டும். பீரோக்கள் குறையும், உண்மை எண் வரும். வேறு எங்கேயும் நீர்த்துப்போனால் உண்மை கெட்டுப்போகும். எங்கள் வேலையில் மட்டும் நீர்த்தால்தான் உண்மை வெளியே வரும். இது எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் வந்தவர் ஒரு தச்சர். கண் இரண்டும் மஞ்சள், வயிறு உப்பி, சட்டையின் கடைசிப் பொத்தான் போடாமல் உட்கார்ந்திருந்தார். எண் ஆறு என்று வந்தது. எனக்கு உறுத்தியது. நீர்த்துப் போட்டேன். நாலாயிரத்துச் சொச்சம். அன்றைக்கே முத்திரையின் அறைக்குப் போனேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே போனேன்.

"சார், இந்த சாம்பிளுக்கு வந்த எண் தப்பு."

"கழுவுனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப சரியாக் கழுவியிருக்க மாட்டே."

"இல்ல சார். நூறு மடங்கு நீர்த்துப் போட்டா நாலாயிரம் வருது. புரதம் ரொம்ப ஏறிப்போச்சுன்னா இந்தக் கிட் ஏமாந்துடுது."

"கிட் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்குமே, அதுல நீர்க்கச் சொல்லி இருக்கா?"

"இல்ல."

"கிட் செய்யுறவன் அம்பது வருஷமா இதே தொழில்ல இருக்கான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சு." தலையை நிமிர்த்தாமல் நாலு ரிப்போர்ட்டுக்குக் குத்தினார். "ஒரு சாம்பிள வெச்சுக்கிட்டு ஆடாதம்மா. ஒண்ணு தற்செயல். பத்து கொண்டா. பத்து கொண்டுவந்தா நானே எழுந்து நின்னு நீ சொன்னது சரின்னு சொல்றேன்."

அறையில் சீனியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், "பத்து எதுக்கு சார், ஒரு டஜனாக் கேளுங்க" என்றார்.

முத்திரை அப்போதுதான் என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல மொதமொதல்ல காலேஜ் வாசலை மிதிச்சது நீதானே? அதான். புதுசாப் படிச்சவங்களுக்கு எதைப் பார்த்தாலும் கண்டுபிடிப்பாத் தெரியும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் குழந்தை ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அப்படி. தச்சரின் ரிப்போர்ட்டில் ஆறு என்றே முத்திரை விழுந்தது. ஆகவே பத்தில் தச்சர்தான் முதல் புள்ளி என்றாலும், அவரை மறைத்த குற்றம் என் கணக்கில் வராது. உங்கள் வரைவில் சேர்த்திருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் படித்துக் காட்டிய வரைவில் 'வன்மம்' என்று ஒரு சொல்லும் இருந்தது. அதையும் எடுத்துவிடுங்கள். எனக்கு யார்மேலும் வன்மம் இல்லை. பத்து கேட்டார்கள், பத்து சேர்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

தொண்ணூற்றாறு குழிகளில் தினமும் ஏழெட்டு மிஞ்சும். அந்த மிச்சக் குழிகளில் நான் நீர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாருடையதையும் பார்க்க முடியாது. வெளியறைப் பெஞ்சைக் கடந்து போகும்போது முகங்களைப் பார்த்துவைத்துக்கொள்வேன். கண் மஞ்சளா, இடுப்பில் துணி நிற்காமல் ஊக்குக் குத்தியிருக்கிறார்களா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா. கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். தேதி, வரிசை எண், கிட் சொன்ன எண், நீர்த்த எண். யாருடைய பெயரையும் எழுதவில்லை. நோயாளியின் பெயரை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடமே உண்டு.

இரண்டாவது பதினோரு நாளில் கிடைத்தது. பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண். கிட் சொன்னது எட்டு, உண்மை ஆயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாவது ஒரு தையற்காரர். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே நாளில் வந்தார்கள், அதுவும் ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்துக் குழியில். ஐந்தாவதாக வந்தவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அவளுடைய அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு என்னிடம், "நல்லாத்தானேம்மா இருக்கு? எங்களுக்கு இது படிக்கத் தெரியாது" என்றான்.

"நார்மல்னு போட்டிருக்குண்ணா."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் போட்டிருந்தது. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கு ஏன் கும்பிடு என்று நினைத்தேன். படித்தவர்களைப் பார்த்தால் என் அப்பாவும் இப்படித்தான், மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கையை உதறிக் கும்பிடுவார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்காது.

ஆறு சேர்ந்தபோதே போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. போயிருக்கலாம். ஆறை எடுத்துக்கொண்டு போனால் மிச்சம் நாலு எங்கே என்பார். அந்த மூன்று பேரும் மறுபடி சிரிப்பார்கள். ஸ்கேன் அறையில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. அதை எனக்கு அங்கே எல்லாரும் தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏழாவது கிடைத்த அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இல்லை, மகிழ்ச்சி என்று எழுதவேண்டாம். திருப்தி. கடைசி அமிலத்தை விட்டதும் நீலம் எல்லாம் மஞ்சளாகும். நீர்க்காத குழி வெள்ளையாக, தண்ணீர் மாதிரி நிற்கும். அதே ஆளுடைய நீர்த்த குழி சாமந்தி மஞ்சளாக ஏறிக்கொண்டு வரும். நான் நினைத்தது என் கண் முன்னால் நடக்கிறது. என் வீட்டில் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

எட்டு. ஒன்பது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் எதுவும் வரவில்லை.

அந்த ஐந்து வாரம்தான் கஷ்டமாக இருந்தது. பெஞ்சில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவேன். எல்லாரும் தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. அக்கா கவனித்துவிட்டாள்.

"என்னடி, மாப்பிள்ளை தேடுற மாதிரி ஒவ்வொருத்தன் மூஞ்சியா பார்த்துட்டுப் போற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா சிரி. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா என் பேஷண்டுங்க பயந்து ரத்தம் வராம போயிடும்."

அடுத்த வாரம் அவளே வந்து நின்றாள். தன் இடதுகையில் தானே குத்தி எடுத்த குழாயை என் முன்னால் ஆட்டினாள்.

"ஆறு மாசமாச்சு. என்னையும் சேர்த்து ஓட்டு. முதல் குழி எனக்குப் போடு, நான் வரிசையில நிக்கிற ஆளில்ல."

"முதல் குழி காலியா விடணும்க்கா. அதை வெச்சுத்தான் மத்ததை அளக்கணும்."

"அப்ப ரெண்டாவது. அதுக்கு மேல பேரம் இல்ல."

கையை இறக்கியபோது அவள் கைக்கடிகாரம் முழங்கைப் பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்கு வந்தது. முன்பெல்லாம் அந்தப் பட்டை அவள் கையில் பள்ளம் விழுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கும். நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் வேலை.

அன்றைக்கு ஆறு குழிகள் மிஞ்சின. கிட் சொன்னது ஐந்து. நீர்த்ததில் ஐயாயிரத்து இருநூறு. பத்துப் பேரிலும் அதுதான் உயரம். சந்தேகத்துக்கு மறுபடி போட்டேன். அதே எண். என் கழுவல் அப்படி.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள். "என்னடி சொல்லுது என் ஈரல்?"

"அஞ்சுக்கா."

"நீதானே ஓட்டுனே?"

"நான்தான்."

"அப்ப சரி. அந்த ரெண்டு சீனியர்ல ஒருத்தன் ஓட்டியிருந்தான்னா இன்னொரு தடவை குத்தியிருப்பேன்." தன் டப்பாவில் இருந்ததில் பாதியை என் மூடியில் தள்ளினாள். அவளுக்கு அப்போதெல்லாம் பசியே இல்லை என்றாள்.

பத்து சேர்ந்துவிட்டதே, உடனே ஏன் சொல்லவில்லை என்பது உங்களுடைய முக்கியமான கேள்வி. மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன், எழுதிக்கொண்டீர்களா தெரியவில்லை. பத்தாவது ரிப்போர்ட்டைத் திருத்தினால் அது கிட்டின் தவறாக நிற்காது, பத்து ஒன்பதாகிவிடும். அக்காவிடம் மட்டும் சொன்னால் அவள் ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள், நேராக முத்திரையின் மேசைக்குப் போவாள். அங்கே மூடிய அறைக்குள் பேசி முடித்துவிடுவார்கள். கிட் கம்பெனிக்கு ஒரு கடிதம் போகும், கீழே முத்திரையின் கையெழுத்து இருக்கும். நான் மறுபடி தட்டுக் கழுவப் போவேன்.

எல்லாத் துறைகளும் கூடும் ஆய்வுக் கூட்டம் ஐந்து வாரத்தில் இருந்தது. அதில் பேச அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். பிறகு கூட்டம் தள்ளிப்போனது. மொத்தம் ஒன்பது வாரம். அது நான் தள்ளிவைத்தது இல்லை. அந்த நாட்களை நான் வீணாக்கவும் இல்லை. ஒவ்வொரு சாம்பிளையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மும்மூன்று முறை ஓட்டினேன். வரைபடம் வரைந்தேன். கீழே ஒரே மட்டத்தில் பத்து வெள்ளைப் புள்ளிகள், மேலே பத்துக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சோதனை செய்த தேதி. தேதி போடாத வரைபடம் வரைபடமே இல்லை. அந்தத் தேதிகளை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். இருக்கட்டும். தேதியை மறைத்திருந்தால் என் வேலை சுத்தமாக இருந்திருக்காது.

கூட்டத்தில் பதினெட்டு நிமிஷம் பேசினேன். பீரோ உதாரணத்தைச் சொன்னபோது பெரிய டாக்டர்களே தலையாட்டினார்கள். முத்திரை எழுந்து நின்றார். சொன்னபடி எழுந்து நின்றார், அதில் குறை சொல்லமாட்டேன். "அந்தப் பொண்ணு சொன்னது சரி," என்றார். சீனியர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கைதட்டியது யார் தெரியுமா? கடைசி வரிசையிலிருந்து ஊசி அக்கா. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள்.

கூட்டம் கலைந்ததும் என் வரைபடம் தெரிந்த திரைக்குப் பக்கத்தில் வந்தாள். நடக்கும்போது வலது விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கலக்கிட்டடி. உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து உட்காரவெச்சிருக்கணும். பாவி, சொல்லவே இல்ல பாரு." பிறகு வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"இனிமே சொல்லுவாங்கக்கா."

"அந்தக் கடைசிப் புள்ளி என்னடி இவ்வளவு உசரத்துல நிக்குது." உச்சுக் கொட்டினாள். "யாரு பெத்த பிள்ளையோ."

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். திரையை அணைத்தேன்.

மறுநாள் வரிசை எண்களைப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். அக்காவை ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்: இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது ரத்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டது. அது அவருடைய கருத்து. அவரிடம் எத்தனை சாம்பிள் இருக்கிறது என்று கேட்டீர்களா?

ஸ்கேன் முடிந்து அக்கா நேராக என் மேசைக்கு வந்தாள். நான் கழுவிக்கொண்டிருந்தேன். நாலாவது கழுவல்.

"அன்னிக்கே தெரியுமாடி?"

"தெரியும்க்கா."

"டப்பாவைத் திறந்துட்டுக் கேட்டேனே, அப்பவா?"

"ரிப்போர்ட்ல அஞ்சுதான்க்கா."

அவள் கடிகாரத்தை முழங்கை வரை ஏற்றினாள், இறக்கினாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவள் வெளியறைக்குப் போய் காத்திருந்த மூன்று பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, குழாய்களில் எண் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனாள். நான் ஐந்தாவது கழுவலை முடித்தேன். பாதியில் விட்டால் தட்டு கெட்டுவிடும்.

ஏழு வாரம் கழித்து இறந்தாள். அவளோடு சேர்த்து பத்தில் ஐந்து. மூன்று பேர் படுக்கையில். இரண்டு பேரை நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். 'பத்துப் பேர் பாதிப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், பிரித்து எழுதுங்கள். தச்சர் நீங்கலாக ஒன்பது பேரின் உண்மை எண்ணும் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்லவில்லை. இதை நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் உங்கள் கோப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்க்க வேண்டும். அக்காவுக்குச் சோதனை செய்து ஆறாவது நாள், அதாவது கூட்டத்துக்கு எட்டு வாரம் முன்பே, ஒரு பூக்கடைக்காரர் வந்தார். கிட் ஏழு என்றது, நீர்த்ததில் ஆயிரத்து நூறு. எனக்குப் பத்து முடிந்திருந்தது. அதனால் ரிப்போர்ட்டில் ஆயிரத்து நூறு என்றே எழுதி முத்திரையிடம் நீட்டினேன். பார்க்காமல் குத்தினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஸ்கேன், அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கிறார், போய் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த உயிரை யாரும் என் பேரில் எழுதவில்லை.

அக்கா ஒரு வாரம் பொறுத்து வந்திருந்தால் அவளுக்கும் அப்படியே எழுதியிருப்பேன். வரிசையில் நிற்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.